மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பு: வடசென்னையில் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் வட்டாரத்துக் கல்லூரி நிர்வாகிகள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், படிக்க விரும்பும் இளைஞர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். சில கேள்விக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

மருத்துவத் தகவலியல் என்றால் ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதுவதா?

அது இதில் ஒரு சிறு பகுதி. நோயாளி வாயால் சொன்னது ஓபி சீட்டில் என்னவாக மாறுகிறது, கேஸ் ஷீட்டில் எழுதியது டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும்போது எது தொலைகிறது, லேப் அனுப்பிய எண் எந்த அலகில் இருக்கிறது, அதை வைத்து மருத்துவரோ மாவட்ட அதிகாரியோ முடிவெடுக்கும்போது எங்கே வழுக்குகிறது என்பதைப் படிக்கும் துறை இது. மரபணு வரிசைகளை ஆராயும் உயிர்த்தகவலியல் வேறு. மருத்துவப் பதிவேட்டுத் துறை, அதாவது நாம் எம்ஆர்டி என்று சொல்வது, இதற்கு அண்ணன் முறை. இந்தப் படிப்பு அதை மதித்துத்தான் தொடங்க வேண்டும்.

புதிய துறையும் இல்லை. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் ஹைல்பிரான் கல்லூரியும் சேர்ந்து 1972-லேயே இதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு நடத்தத் தொடங்கிவிட்டன. இந்திய மருத்துவத் தகவலியல் சங்கம் 1993-ல் உருவானது. சர்வதேச மருத்துவத் தகவலியல் சங்கம் 2000-ல் பாடத்திட்டப் பரிந்துரை வெளியிட்டு 2010-ல் திருத்தியது. அமெரிக்கச் சங்கம் முதுநிலைப் பட்டத்துக்கான திறன்களைப் பத்துத் தலைப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. இவற்றை எடுத்துப் படியுங்கள். அப்படியே நகலெடுக்காதீர்கள்.

ஏன் வடசென்னை? கிண்டி, ஓஎம்ஆர் பக்கம்தானே கம்ப்யூட்டர் ஆட்கள் இருக்கிறார்கள்?

கம்ப்யூட்டர் ஆட்களை மெட்ரோவில் வரவழைத்துவிடலாம். மருத்துவமனையை வரவழைக்க முடியாது. பழைய ஜெயில் சாலையில் ஸ்டான்லி, ராயபுரத்தில் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ மருத்துவமனை, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை, ஓட்டேரியில் மார்பு நோய் மருத்துவமனை, பெரம்பூரில் ரயில்வே ஆஸ்பத்திரி, நடுநடுவே மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள். எல்லாம் ஒரு பஸ் பயணத் தூரம். பொது மருத்துவம், பிரசவம், காசநோய், தொற்று, ரயில்வே ஊழியர்களின் நீண்டகால மருத்துவம் என ஐந்து விதமான பதிவுமுறைகளை மாணவர் ஒரே பருவத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொரு காரணம் மணலியும் எண்ணூரும். சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தது. அப்படி ஓர் இரவில் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எத்தனை பேர், எந்தத் தெருவிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று மறுநாள் காலை பத்து மணிக்குள் சொல்ல முடியுமா? முடியாதென்றால் எந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டம் இல்லாததால் முடியவில்லை? ஒரு பருவம் முழுக்க வகுப்பு நடத்த இந்த ஒரு கேள்வி போதும்.

எந்தப் பட்டம் கொடுக்கலாம்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பட்டப் பெயரைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-இன் 22-ஆம் பிரிவின்படி பட்டியலில் உள்ள பெயரைத்தான் தர முடியும். எம்.எஸ்சி. என்ற பெயர் பட்டியலில் உண்டு. அதன் பக்கத்தில் மருத்துவத் தகவலியல் என்று பாடத்தைக் குறிப்பிடலாம். எம்.டி. என்று போடப் பார்ப்பது வீண் அலைச்சல். அது தேசிய மருத்துவ ஆணையத்தின் எல்லை. எம்.டெக். என்றால் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகள் வரும், மருத்துவர்களும் செவிலியர்களும் உள்ளே வர வழி அடைபடும். இது மட்டுமே எம்.டெக். வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம்.

2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்சார் ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் சுகாதாரத் தகவல் மேலாண்மை, சுகாதாரத் தகவலியல் தொழிலரை ஒரு பிரிவாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே பாடத்திட்டத்தைக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் வைப்பதற்கு முன்பே அந்த ஆணையம் வெளியிட்டிருக்கும் விதிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கல்விப் பேரவை வரை போனபின் திருத்துவது ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

மருத்துவமனையோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் இல்லாமல் விண்ணப்பமே போடாதீர்கள். அந்த ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: மாணவர் எந்தெந்த இடத்தில் நிற்கலாம், எந்தப் பதிவைப் பார்க்கலாம், மருத்துவமனை தரப்பில் பொறுப்பாளர் யார். பொறுப்பாளரைப் பதவியின் பெயரால் எழுதுங்கள், ஆளின் பெயரால் வேண்டாம். ஆள் இடமாற்றலாகிப் போனதும் கதவு மூடிக்கொள்ளும்.

யாரைச் சேர்ப்பது? எத்தனை பேரை?

முதல் இரண்டு ஆண்டு 16 பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேர் மருத்துவப் பக்கம்: எம்பிபிஎஸ், பிடிஎஸ், நர்சிங், மருந்தாளுநர், லேப் டெக்னாலஜி, எம்ஆர்டி. எட்டுப் பேர் கணினி, புள்ளியியல், மின்னணுவியல். எண்ணிக்கை நிரம்பவில்லையே என்று ஒரு பக்கத்திலேயே 16 பேரையும் எடுத்தால் படிப்பின் குணமே மாறிவிடும். எல்லோரும் பொறியியல் ஆட்களாக இருந்தால் அது பைத்தான் பயிற்சி வகுப்பாகும். எல்லோரும் மருத்துவப் பக்கம் என்றால் நிர்வாகப் படிப்பாகும்.

16 என்று சொல்வதற்குக் காரணம் வார்டு. ஒரு பதிவு கவுன்ட்டர் பின்னால் இரண்டு பேர் நிற்கலாம். நான்கு பேர் நின்றால் அங்கே வேலை செய்பவருக்கு எரிச்சல் வரும், அடுத்த நாள் அனுமதி கிடையாது.

நுழைவுத் தேர்வில் நிரல் எழுதச் சொல்ல வேண்டாம். ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியையும் அதே நோயாளியின் லேப் தாளையும் கொடுத்து, இரண்டுக்கும் எங்கே முரண் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடிப்பவர் எந்தப் பின்னணியானாலும் தேறிவிடுவார்.

பாடத்திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

இரண்டு ஆண்டு, நான்கு பருவம், சுமார் 80 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு மணி நேர விரிவுரை 15 வாரம் நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை என்றால் வாரம் இரண்டு மணி நேரம். அப்படியானால் இரண்டு கிரெடிட் விரிவுரையும் இரண்டு கிரெடிட் செய்முறையும் உள்ள ஒரு பாடத்துக்கு 90 மணி நேரம் தேவை. கால அட்டவணை போடும்போது இந்தக் கணக்கை மறந்துவிட்டுச் செய்முறையை விரிவுரையாக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

முதல் பருவம் பாலம். மருத்துவப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எஸ்க்யூஎல், பைத்தான், தரவுத்தள வடிவமைப்பு படிக்கட்டும். பொறியியல் பக்கத்தவர்கள் மருத்துவச் சொற்கள், உடலியங்கியல், கேஸ் ஷீட் வாசிப்பு படிக்கட்டும். வார்டு ரவுண்டில் பேசாமல் பின்னால் நிற்பதும் ஒரு பாடம்தான். உயிர்ப்புள்ளியியலும் நெறிமுறையும் எல்லோருக்கும் பொது. இரண்டாம் பருவத்தில் மின்னணு மருத்துவப் பதிவு, குறியீட்டு முறைகள், தகவல் பரிமாற்றத் தரங்கள், மனிதர்கள் கருவியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற பாடம். மூன்றாம் பருவத்தில் பொதுச் சுகாதாரத் தகவல், முடிவுக்கு உதவும் அமைப்புகள், மருத்துவப் படிமங்கள், மருத்துவமனைப் பயிற்சி. நான்காவது முழுக்க ஆய்வேடு.

உள்ளூர் அமைப்புகளை விட்டுவிட்டுப் பாடம் நடத்தக் கூடாது. கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி, அதிலிருந்து வரும் 12 இலக்க ஆர்சிஎச் (தாய்சேய் நல) எண், பிறப்புச் சான்றிதழோடு அதற்குள்ள தொடர்பு. காசநோய்க்கான நிக்ஷய். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதி நடைமுறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலில் நின்று அலைபேசியில் சர்க்கரை, பிரஷர் பதியும் முறை. தேசிய மின்னணு சுகாதாரக் கணக்கான ஆபாவின் 14 இலக்க எண். இவை ஒன்றோடொன்று எங்கே பேசுகின்றன, எங்கே பேசுவதில்லை என்று ஒரு பெரிய சார்ட் தாளில் மாணவரே வரையட்டும்.

செய்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆயிரம் பேரின் ரத்த அழுத்தப் பதிவைக் கொடுத்துக் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பழைய பாதரசக் கருவியிலும் வட்ட முள் கருவியிலும் கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும். அதனால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் 20 சதவீதம் வர வேண்டும். பூஜ்யம் மட்டும் 70 சதவீதம் வந்தால் யாரோ 134-ஐ 130 என்று எழுதுகிறார்கள். 140-ஐ எல்லையாக வைத்து மாத்திரை தரும் விதிக்கு இது என்ன செய்யும்? விதியில் ‘140-உம் அதற்கு மேலும்’ என்று இருந்தால், 138-ஐ 140 ஆக்கும்போது ஒருவருக்குத் தேவையில்லாத சிகிச்சை; 142-ஐ 140 ஆக்கினால், விதியில் ‘140-க்கு மேல்’ என்று இருந்தால், ஒருவர் விடுபடுகிறார். வகுப்பறையில் தரவின் தரம் பற்றி ஒரு மாதம் பேசுவதைவிட இந்த ஒரு மதிய வேளை அதிகம் கற்றுத்தரும்.

தமிழ்ப் பெயர்கள் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். வெளிநாட்டுப் பாடநூல்கள் கைவிடும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

எழிலரசி என்ற பெண் ஒரு இடத்தில் ‘ழ’வுக்கு ‘இசட்-எச்’ போட்டு ஆங்கிலத்தில் பதிவாகிறார், இன்னொரு இடத்தில் ‘எல்’ போட்டு. பெயர்களை ஒலியால் ஒப்பிட உலகெங்கும் பயன்படும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, மெய்களுக்கு எண் தரும். முதல் பதிவுக்கு இ-246, இரண்டாவதற்கு இ-446. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். வண்ணாரப்பேட்டை ஜாகிருக்கும் இதே கதி: ஒரு சீட்டில் ‘ஜே’, ஒரு சீட்டில் ‘இசட்’. முதல் எழுத்தே மாறிவிட்டதால் முறை அங்கேயே படுத்துவிடும்.

அடுத்தது இனிஷியல். திருமணத்துக்கு முன் அப்பா பெயரின் முதல் எழுத்து, பின் கணவர் பெயரின் முதல் எழுத்து. முதல் பிரசவம் அம்மா வீட்டு முகவரியில், இரண்டாவது மாமியார் வீட்டு முகவரியில். இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். தெலுங்கு பேசும் குடும்பங்களில் அது வீட்டுப் பெயராக இருக்கும். ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கிய மென்பொருளில் கவுன்ட்டரில் இருப்பவர் வேறு வழியின்றி ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஆயிரக்கணக்கான பேருக்குக் குடும்பப் பெயர் ‘புள்ளி’.

சரி, தமிழிலேயே பதிந்தால்? கௌசல்யா என்ற பெயரை ‘ஔ’காரக் குறியோடு தட்டலாம். ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ எழுத்தைத் தட்டியும் முடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது. ஒருங்குறியை (யூனிகோடை) இயல்பாக்கும் வழக்கமான நிரல், கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டிய ‘கொ’வைச் சரிசெய்துவிடும். இந்த ‘ள’வைத் தொடாது, ஏனென்றால் அதன் கண்ணில் அது முறையான தனி எழுத்து. ‘ஸ்ரீ’ எழுத்துக்கும் இரண்டு விதமான சேமிப்பு உண்டு. பழைய எழுத்துரு முறைகளில் தட்டிய கோப்புகளோ தனிக் கதை.

ஆகவே பொருத்திப் பார்ப்பதைப் பெயரில் மட்டும் தொங்கவிடாமல் பிறந்த ஆண்டு, பாலினம், அலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பின்கோடு என்று எடை போட்டுச் சேர்க்கக் கற்றுக்கொடுங்கள். அதிலும் கண்ணி உண்டு: வீட்டுக்கு ஒரே அலைபேசி, வயதென்றால் எல்லோரும் 45, 50, 55. பழைய வண்ணாரப்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் ஒரே 600021. தவறாக இரண்டு பேரை ஒன்றாக்குவது, ஒருவரை இரண்டாக்குவதைவிட ஆபத்து. ஒருவரின் ‘அலர்ஜி இல்லை’ என்ற பதிவு இன்னொருவரின் பென்சிலின் அலர்ஜியை மறைத்துவிடலாம்.

ஐசிடி, ஸ்னோமெட், லோயிங்க், ஃபயர் இதையெல்லாம் எவ்வளவு ஆழமாகக் கற்பிக்க வேண்டும்?

ஐசிடி நோய்களுக்கும், ஸ்னோமெட் மருத்துவச் சொற்களுக்கும், லோயிங்க் லேப் பரிசோதனைகளுக்கும் குறியீடு தருபவை; ஃபயர் என்பது கணினிகளுக்கிடையே மருத்துவத் தகவலைப் பரிமாறும் தரம். மனப்பாடம் வேண்டாம். தவறுவது எங்கே என்று தெரிந்தால் போதும்.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ‘பைரெக்ஸியா ஃபார் இவாலுவேஷன்’ என்று எழுதியிருக்கும். அதை வைத்துக் குறியிட்டால் ஐசிடி-10-இல் ஆர்50, காரணம் தெரியாத காய்ச்சல். மூன்றாம் பக்கத்தில் சளி சிபிநாட் (காசநோய்க் கிருமிக்கான மரபணுச் சோதனை) பாசிட்டிவ் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அப்படியானால் அது ஏ15, உறுதிசெய்யப்பட்ட காசநோய். முதல் பக்கத்தோடு நிற்பவர் நகரத்தின் காசநோய்க் கணக்கைக் குறைக்கிறார், அவரை அறியாமலே.

50 கேஸ் ஷீட்டை இரண்டு மாணவர் ஒருவர் விடையை ஒருவர் பார்க்காமல் குறியிட்டு, கப்பா (தற்செயல் ஒப்புதலைக் கழித்த ஒப்புதல் அளவு) கணக்கிடட்டும். எடுத்துக்காட்டாக, நூறு தாளில் 40-இல் இருவரும் ‘சர்க்கரை உண்டு’, 40-இல் இருவரும் ‘இல்லை’, மீதி 20-இல் ஆளுக்கொன்று, அந்த 20-ம் பாதிக்குப் பாதி என்றால் ஒப்புதல் 80 சதவீதம். பார்க்க அழகாக இருக்கும். தற்செயலாகவே 50 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் என்பதைக் கழித்தால் கப்பா 0.6 தான்.

ஸ்னோமெட் சிடி-யின் சர்வதேச அமைப்பில் இந்தியா 2014-இல் சேர்ந்ததால் இங்கே பயன்படுத்தக் கட்டணம் இல்லை. புனே சி-டாக்கில் உள்ள தேசிய மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். லோயிங்கும் இலவசம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு அதில் 1558-6, ஹீமோகுளோபினுக்கு 718-7. ‘சுகர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் குறியீடு? சாப்பிடும் முன்பா பின்பா, விரல் நுனி ரத்தமா, லேப் சீரமா? மாணவர் நேராக லேப்புக்குப் போய்க் கேட்கட்டும். கூடவே அலகையும் கேட்கட்டும். மில்லிமோலில் வந்த குளுக்கோஸை 18-ஆல் பெருக்கினால்தான் நமக்குப் பழக்கமான மில்லிகிராம் கணக்கு வரும். கிரியாட்டினினுக்கு மைக்ரோமோலை 88.4-ஆல் வகுக்க வேண்டும்.

பயிற்சிக்கு நோயாளிகளின் தரவு எங்கிருந்து கிடைக்கும்?

முதல் ஆண்டில் உண்மைத் தரவே வேண்டாம். சிந்தியா என்ற இலவச மென்பொருள் கற்பனை நோயாளிகளை உருவாக்கித் தரும். அது அமெரிக்க நோயாளிகளைத்தான் உருவாக்கும் என்பதால் முகவரி, பெயர், நோய் விகிதம் எல்லாவற்றையும் நம் ஊருக்கு மாற்றுவதே ஒரு நல்ல வீட்டுப்பாடம். தீவிர சிகிச்சைப் பிரிவுத் தரவுக்கு எம்ஐடி சார்ந்த ஃபிசியோநெட்டில் மிமிக் தொகுப்பு இருக்கிறது. 100 நோயாளிகளின் மாதிரி எல்லோருக்கும் திறந்தது, முழுத் தொகுப்புக்கு நெறிமுறைப் பயிற்சிச் சான்று வேண்டும்.

உள்ளூர்த் தரவு என்றால் நெறிமுறைக் குழு அனுமதி, அதன்பின் அடையாள நீக்கம். பெயர், ஐபி நம்பர், ஆபா எண், அலைபேசி எண் நீக்குவது எளிது. தப்பிப்போவது மற்றவை: கேஸ் ஷீட்டின் ஓரத்தில் ‘தாயார் செல்வியிடம் விளக்கப்பட்டது’ என்ற குறிப்பு, ஸ்கேன் படத்தின் மூலையில் படத்தோடு படமாகப் பதிந்துவிட்ட பெயர், காசிமேட்டில் ஒருவருக்கு மட்டுமே இருக்கும் அபூர்வ நோய். தேதிகளை நோயாளிக்கு ஒரு சீரற்ற எண் வீதம் முன்பின் நகர்த்துவது நல்ல உத்தி. ஒருவரின் எல்லாத் தேதியும் ஒரே அளவு நகர்வதால் இடைவெளிகள் கெடாது. ஆனால் பருவகாலம் அழிந்துவிடும். டெங்கு ஆய்வுக்கோ எண்ணூர்க் கசிவு போன்ற ஆய்வுக்கோ இது ஆகாது. அங்கே ஆள்வாரித் தரவே கொடுக்காமல், மண்டலவாரியாக நாளுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் கொடுத்து, ஐந்துக்குக் குறைந்த கட்டங்களை மறைத்துவிடுங்கள்.

தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆய்வுக்கு அதில் விலக்கு உண்டு. அந்தத் தரவை வைத்து ஒரு குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரே அனுப்பிச் சந்தேகம் கேட்கும் பழக்கத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது.

லேப் அமைக்க என்ன வாங்க வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. எட்டு கோர் செயலி, 64 ஜிபி நினைவகம், ஒன்றின் நகலாக மற்றொன்று ஓடும் இரண்டு 2 டிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு சர்வர் 16 பேருக்குப் போதும். அதில் நோயாளிப் பதிவுக்கு ஓபன்எம்ஆர்எஸ் அல்லது பாம்னி, படங்களுக்கு ஆர்தாங்க், பரிமாற்றத்துக்கு ஹாபி ஃபயர் சர்வர், மாவட்ட அறிக்கைக்கு டிஎச்ஐஎஸ்-2. எல்லாமே கட்டணமற்ற திறமூல மென்பொருள்கள். விலை கொடுத்து வாங்கும் மருத்துவமனை மென்பொருளை முதலில் தவிர்க்கலாம். அதன் உள்ளே திறந்து பார்க்க முடியாது.

யுபிஎஸ் கட்டாயம். கடற்கரையை ஒட்டிய கட்டடம் என்றால் உப்புக்காற்று நெட்வொர்க் சாக்கெட்டின் செம்பை ஒரே வருடத்தில் பச்சையாக்கலாம். ‘சர்வர் ஸ்லோ’ என்ற புகாரை விசாரிக்கும்போது முதலில் சுவரில் இருக்கும் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். உண்மைத் தரவு இருக்கும் கணினிகளைத் தனி அறையில், இணையம் இல்லாமல், பென் டிரைவ் துளை அடைத்து வையுங்கள். பேக்கப் எடுப்பது பழக்கம் ஆகிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பது யாருக்கும் பழக்கம் ஆகாது. பருவத்துக்கு ஒரு நாள் வேண்டுமென்றே தரவுத்தளத்தை அழித்து, மாணவர்களை மீட்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு எங்கே போவது?

முழுநேரம் நான்கு பேர்: ஒரு மருத்துவர், ஒரு கணினி ஆசிரியர், ஒரு உயிர்ப்புள்ளியியலாளர், எம்ஆர்டி அனுபவம் உள்ள ஒருவர். கடைசி ஆளைத்தான் எல்லோரும் தகுதிப் பட்டியலில் முனைவர் பட்டம் இல்லை என்று தட்டிவிடுகிறார்கள். அவரைச் செய்முறைப் பயிற்றுநர் பதவியிலாவது எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டின் எந்தப் பக்கத்தில் எது ஒளிந்திருக்கும் என்று மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டியவர் அவர். ஒரே வகுப்பில் மருத்துவரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து நின்று பாடம் எடுப்பது செலவுதான். முதல் பருவத்திலாவது செய்யுங்கள்.

மருத்துவமனைப் பயிற்சியில் மாணவர் என்னதான் செய்வார்?

முதல் வாரம் கையில் ஒரு கடிகாரமும் தாளும். ஓபி பதிவு கவுன்ட்டரில் ஆளுக்கு எத்தனை வினாடி என்று குறிப்பார். அவ்வளவுதான்.

அந்த எண்ணின் மதிப்பு பிறகு தெரியும். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை 1,200 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம், நிமிடத்துக்கு ஐந்து பேர். ஒருவருக்கு 40 வினாடி என்றால் நான்கு கவுன்ட்டரில் வரிசை ஓடிவிடும். இப்போது யாரோ கூட்டத்தில் உட்கார்ந்து ‘மின்னஞ்சல் முகவரி, தொழில், கல்வித் தகுதி மூன்றையும் சேர்த்துவிடலாம்’ என்கிறார். 20 வினாடி கூடுகிறது. நான்கு கவுன்ட்டர் நிமிடத்துக்கு நான்கு பேரைத்தான் அனுப்பும். மணிக்கு 60 பேர் தேங்கி, பன்னிரண்டு மணிக்கு 240 பேர் வரிசையில் நிற்பார்கள். ஐந்தாவது கவுன்ட்டர் திறந்தாலும் மூச்சுவிட இடமிராது, ஆறு வேண்டும். அந்த நெரிசலில் பதிபவர் என்ன செய்வார்? எல்லோருக்கும் தொழில் ‘கூலி’, கல்வி ‘பத்தாவது’. பிறகு யாரோ அந்தத் தரவை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுவார்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு தகவலைத் துரத்திக்கொண்டு போவது. ஒரு ரத்த மாதிரிச் சீட்டு வார்டிலிருந்து லேப்புக்குப் போய், முடிவு திரும்பி வந்து, மருத்துவர் கண்ணில் படும்வரை எத்தனை கை மாறுகிறது, எத்தனை முறை மறுபடி எழுதப்படுகிறது என்று வரைவது. ஒவ்வொரு மறு எழுத்தும் ஒரு பிழைக்கான வாய்ப்பு. மென்பொருள் தீர்வு சொல்வது நான்காவது வாரத்துக்கு முன் தடை.

செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இந்தக் காலத்தில் மாணவர் சேருவார்களா?

சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றாம் பருவத்தில். எக்ஸ்ரே பார்த்துக் காசநோய் சொல்லும் ஒரு கருவி நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தையும் இல்லாதவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியாசர்பாடியில் ஒரு முகாமில் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்றால், கருவி ஒன்பது பேரைப் பிடிக்கும், கூடவே 99 பேரைத் தவறாகப் பயமுறுத்தும். 108-இல் ஒன்பது, அதாவது பன்னிரண்டில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அதே கருவியை ஆயிரத்தில் 300 பேருக்கு நோய் இருக்கும் ஒரு மார்பு நோய்ப் பிரிவில் வைத்தால் 270 சரி, 70 தவறு. கருவி மாறவில்லை, வாசலில் நிற்கும் கூட்டம் மாறிவிட்டது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு நிரல் எழுதுவது பிறகு வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகளையும் பாடமாக வைத்துவிடுங்கள்.

ஆய்வேடு ஏன் பெரும்பாலும் தாமதமாகிறது?

நெறிமுறைக் குழு. விண்ணப்பத்தை மூன்றாம் பருவ முடிவில் போட்டால், குழு கூடி, கேள்வி கேட்டு, திருத்திக் கொடுத்து அனுமதி வருவதற்குள் நான்காம் பருவம் பாதி போய்விடும். இரண்டாம் பருவம் முடியும் முன் தலைப்பு, மூன்றாம் பருவத்தின் முதல் மாதம் விண்ணப்பம். குழு 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்று முன்கூட்டியே பாருங்கள். தலைப்பு சின்னதாக இருக்கட்டும். ‘வடசென்னைக்கான ஒருங்கிணைந்த மின்னணுப் பதிவு’ என்று ஆரம்பிப்பவர் முடிப்பதில்லை. ‘ஒரு சர்க்கரை நோய்க் கிளினிக்கில் நோயாளியின் நோட்டும் கணினியும் ஒத்துப்போகின்றனவா’ என்பவர் முடித்துவிடுகிறார்.

பாடம் தமிழிலா ஆங்கிலத்திலா?

தேர்வும் தரங்களும் ஆங்கிலம். கள வேலை தமிழ். ‘படபடப்பு’, ‘நெஞ்சு கரிப்பு’, ‘மேமூச்சு கீழ்மூச்சு’, ‘கை கால் அசதி’ என்று ஓபியில் கேட்கும் சொற்களைப் பட்டியலிட்டு எந்த மருத்துவக் குறியீட்டுக்கு எது போகும் என்று ஒவ்வொரு மாணவர் குழுவும் நூறு சொல்லாவது சேர்க்கட்டும். ‘மயக்கம்’ என்பது தலைசுற்றலா நினைவிழப்பா என்ற ஒன்றிலேயே அரை நாள் போகும்.

வேலை கிடைக்குமா?

தனியார் மருத்துவமனைகளின் தகவல் பிரிவு, காப்பீட்டு நிறுவனங்களின் கிளெய்ம் பிரிவு, மருந்துப் பரிசோதனைத் தரவு மேலாண்மை, மருத்துவ மென்பொருள் நிறுவனங்கள், பொதுச் சுகாதாரத் திட்டங்களின் ஒப்பந்தப் பணி. இந்தப் பட்டத்தின் பெயரைக் கேட்டு விளம்பரம் செய்யும் இடங்கள் குறைவு என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள். நிரந்தர அரசுப் பணியிடம் என்று ஆசை காட்ட வேண்டாம். ஏற்கெனவே செவிலியராக, லேப் டெக்னீஷியனாக, நிரலாளராக இருப்பவருக்கு இது கையில் இருக்கும் தொழிலின் மேல் ஒரு படி. வெறும் பட்டத்தோடு வருபவருக்கு ஆய்வேடுதான் அறிமுகச் சீட்டு.

பணியில் இருந்துகொண்டே படிக்க முடியுமா?

செவிலியர்களுக்கும் லேப் ஆட்களுக்கும் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் தினசரி மாலை வகுப்பு என்பது பேச்சோடு போகும். விரிவுரைகளைப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, செய்முறையைச் சனி, ஞாயிறு தலா ஆறு மணி நேரம் வையுங்கள். வாரத்துக்கு 12 மணி, 15 வாரத்துக்கு 180 மணி, அதாவது ஆறு செய்முறைக் கிரெடிட். இந்த வேகத்தில் படிப்பு மூன்று ஆண்டாகும், அதை விளம்பரத்திலேயே போட்டுவிடலாம். மருத்துவமனைப் பயிற்சியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். அன்று வழக்கமான ஓபி இருக்காது, எண்ணுவதற்கு வரிசையும் இருக்காது. அதற்கு மாணவர் திங்கட்கிழமை காலையில் லீவு போட்டுத்தான் வர வேண்டும்.